உப்புக்காற்றில் ஒரு சர்வர்

விடியற்காலையில் தூத்துக்குடி பேருந்து நிலையத்தில் இறங்குகிறவர்களைப் பையை வைத்தே அடையாளம் கண்டுவிடலாம். மீன் வாங்க வந்தவரிடம் தெர்மாகோல் பெட்டி. கப்பலுக்கு வேலைக்குப் போகிறவரிடம் பெரிய சூட்கேஸ். ஊருக்குத் திரும்புகிறவர் கையில் மக்ரூன் வாங்கிய அட்டைப்பெட்டி.

இன்னொரு வகை உண்டு. முதுகில் லேப்டாப், கையில் ஒரு துணிப்பை. துணிப்பைக்குள் நீல நிற நெட்வொர்க் கேபிள், ஸ்குரூ டிரைவர், நான்கைந்து பென் டிரைவ், இன்சுலேஷன் டேப், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், பழைய ஒரு ரூபாய் நாணயம் போல வட்டமான பேட்டரிகள். கடற்கரையில் எங்கோ ஓர் அறையில், ஆள் துணையில்லாமல் ஓடிக்கொண்டிருந்த கணினி ஒன்று பேச்சை நிறுத்தியிருக்கும். அதை எழுப்பப் போகிறவர் இவர்.

'சர்வர்' என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓட்டல்தான். 1964-ல் வந்த 'சர்வர் சுந்தர'த்தில் நாகேஷ் அடுக்கிக்கொண்டு வந்த கப் அண்ட் சாசர்களை யார் மறப்பார்கள்? கணினி சர்வரும் ஏறக்குறைய அதே உத்தியோகம்தான். கேட்டதைக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். எத்தனை பேர் கேட்டாலும் முகம் சுளிக்கக் கூடாது. ஒரே வித்தியாசம், ஓட்டல் சர்வருக்கு உடம்பு முடியாவிட்டால் அவரே வந்து சொல்லிவிடுவார். இது சொல்லாது. வெறுமனே மௌனமாகிவிடும். மௌனமாகிவிட்டதே யாருக்கும் சில நாள்கள் தெரியாமல் போவதும் உண்டு.

பெட்டிக்குள் பதிவான அலை

கடற்கரையில் கணினிக்கு என்ன வேலை என்று கேட்கலாம். தூத்துக்குடி துறைமுகத்திலிருந்தே தொடங்குவோம். கடல் மட்டம் ஏறுவதையும் இறங்குவதையும் அளக்கும் அலையேற்றமானி இங்கே 1960-களிலிருந்து இயங்கி வருகிறது. 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது, இலங்கை குறுக்கே நின்றதால் தூத்துக்குடி, நாகப்பட்டினம் பட்ட பாட்டைப் படவில்லை. ஆனாலும் அலை சுற்றிவளைத்து வந்து சேர்ந்தது. இங்கிருந்த கருவி அதைச் சரியாகப் பதிவும் செய்தது. சென்னை, விசாகப்பட்டினம் துறைமுகங்களில் இருந்த கருவிகளும் பதிவு செய்தன.

பதிவு செய்தவை, அவ்வளவுதான். அந்தக் கருவிகள் அப்போது உடனுக்குடன் யாருக்கும் தகவல் அனுப்பும் வகையைச் சேர்ந்தவை அல்ல. விஞ்ஞானிகள் பிறகு அந்தப் பதிவுகளை எடுத்துப் பார்த்துத்தான் எந்தத் துறைமுகத்துக்கு எத்தனை மணிக்கு அலை வந்தது என்று எழுதினார்கள். கருவி கண்ணால் பார்த்துவிட்டது. வாய் இல்லை.

அந்த வாயைக் கொடுக்கும் வேலைதான் அதன் பிறகு நடந்தது. ஹைதராபாத்தில் உள்ள இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையத்தில் 2007 அக்டோபரில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது. கடற்கரை அலையேற்றமானிகள் செயற்கைக்கோள் வழியாகத் தகவல் அனுப்பத் தொடங்கின. மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கலங்கரை விளக்கங்களிலும் புதிய வேலை ஏறியது. விளக்கு சுற்றுவதோடு, கடந்து போகும் கப்பல்களின் அடையாளத்தை வாங்கும் ஏ.ஐ.எஸ் கருவிகளும், ரேடாரும், கேமராவும் அங்கே குடியேறின. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட ஒவ்வொரு கப்பலும் தன் பெயர், இருப்பிடம், வேகம், திசை எல்லாவற்றையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போக வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒன்பது இலக்க எண் உண்டு. 419 என்று தொடங்கினால் அது இந்தியக் கப்பல். துறைமுகத்துக்கு அருகே முயல் தீவில் நிற்கும் கலங்கரை விளக்கத்தைப் பார்த்தபடி போகும் கப்பல்கள், நம் காதுக்குக் கேட்காத மொழியில் விடாமல் பேசிக்கொண்டே போகின்றன.

கேட்கிற காது ஒன்று வேண்டுமல்லவா? அதுதான் கரையில் இருக்கும் அந்தப் பெட்டி.

ஒரே பெர்த்தில் இரண்டு கப்பல்

தூத்துக்குடியின் பழைய துறைமுகம் வ.உ.சி-யின் கப்பல்கள் புறப்பட்ட இடம். 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கி, கொழும்புக்குக் கப்பல் விட்டார். புதிய துறைமுகம் முழுக்க முழுக்க மனிதர் கட்டியது. வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என ஏறத்தாழ 4 கிலோமீட்டர் நீளத்துக்கு இரண்டு அலைத்தடுப்புச் சுவர்கள் கடலுக்குள் கை நீட்டி, நடுவில் அமைதியான நீரைப் பிடித்து வைத்திருக்கின்றன. 1974-ல் இது நாட்டின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. 2011-ல் வ.உ.சி. பெயர் சூட்டப்பட்டது.

சர்வருக்கும் 'போர்ட்' உண்டு என்பது தற்செயலான பொருத்தம்தான், ஆனாலும் இந்த ஊரில் அதை விளக்குவது சுலபம். ஒரு துறைமுகத்தில் நிலக்கரிக்கு ஒரு பெர்த், கன்டெய்னருக்கு ஒரு பெர்த் என்று எண் போட்டு வைத்திருப்பதுபோல, கணினியிலும் ஒவ்வொரு வேலைக்கும் ஓர் எண் கதவு. இணையப் பக்கத்துக்கு 443. தொலைவிலிருந்து நிர்வாகி உள்ளே வருவதற்கு 22. புதிய மென்பொருளை நிறுவும்போது வரும் பிழைகளில் மிகச் சாதாரணமானது, 'அந்தப் போர்ட் ஏற்கெனவே பயன்பாட்டில் இருக்கிறது' என்பது. முன்பு வந்த யாரோ ஒருவர் பழைய மென்பொருளை நீக்காமல் போயிருப்பார். அது பெர்த்தை விடாமல் நங்கூரம் போட்டு நிற்கும். புதிய கப்பல் வெளியே ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்.

இதைவிட மோசமான ஒன்று உண்டு. சென்னையில் உட்கார்ந்துகொண்டு, கடற்கரை சர்வரின் பாதுகாப்பு விதிகளை மாற்றுவார் ஒருவர். வேண்டாத கதவுகளையெல்லாம் மூடுவார். அந்த வேகத்தில் 22-ஐயும் மூடிவிடுவார். தான் நுழைந்த கதவையே தானே சாத்தித் தாழ்போட்டதாகிவிடும். அடுத்த நொடியிலிருந்து அந்தச் சர்வர் அவருக்கு நிலாவைப் போல. தெரியும், தொட முடியாது. இனி பஸ் ஏற வேண்டியதுதான். அனுபவப்பட்டவர்கள் இதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொள்வார்கள். 'பத்து நிமிடத்தில் என்னிடமிருந்து பதில் வராவிட்டால், பழைய விதிகளுக்கே திரும்பிவிடு' என்று முதலில் கட்டளை கொடுத்துவிட்டு, அதன் பிறகுதான் கதவில் கை வைப்பார்கள்.

இந்தப் பத்து நிமிட யோசனை முத்துக்குளிப்பவர்களுக்குப் புதிதல்ல.

கயிறு பிடிக்கும் மச்சான்

கொற்கை இன்று கடலிலிருந்து விலகி, தாமிரபரணிக் கரையில் வயல்களுக்கு நடுவே கிடக்கும் சிற்றூர். பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகம் அதுதான். ஆற்று மண் படிந்து கடல் பின்வாங்கியதும் தொழில் காயலுக்கும், பிறகு தூத்துக்குடிக்கும் இடம் மாறியது. மன்னார் வளைகுடாவின் அடியில் முத்துச்சிப்பி படிந்து கிடக்கும் பாறைத் திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். தூத்துக்குடிக்கு நேரே 'தொள்ளாயிரம் பார்' என்றே ஒன்று உண்டு.

நினைத்தபோதெல்லாம் போய்க் குளித்துவிட முடியாது. அரசு ஆட்கள் முதலில் பார்களைச் சோதிப்பார்கள். மாதிரிக்குச் சில சிப்பிகளை எடுத்து, வயதையும் முத்தின் மதிப்பையும் கணக்கிட்ட பிறகே குளிப்பு அறிவிக்கப்படும். அறிவிப்பு வராமலே பல ஆண்டுகள் கழிந்ததும் உண்டு. கடைசியாகத் தொடர்ச்சியாக முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை.

கல்லைப் பற்றிக்கொண்டு அடிக்குப் போகிறவரின் உயிர், தோணியில் கயிறு பிடித்து நிற்பவர் கையில் இருக்கும். அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் மச்சானாகத்தான் இருப்பார் என்று இந்தக் கரையில் சொல்வார்கள். தங்கையின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது, கவனம் சிதறாது என்பது கணக்கு. இது போதாதென்று சுறாவின் வாயைக் கட்டுகிறவராகக் 'கடல்கட்டி' என்று ஒருவரும் இருந்தார். அவர் மந்திரம் சொன்னால்தான் குளிப்பவர்கள் இறங்குவார்கள் என்பதால் ஆங்கிலேய அரசே அவருக்குச் சம்பளம் கொடுத்தது. தொலைவிலிருந்து உதவி செய்யும் உத்தியோகத்தில் இதுவே மூத்ததாக இருக்கலாம்!

இன்றைய கயிறு ஒரு சின்னச் செய்தி. சில நிமிடங்களுக்கு ஒருமுறை கடற்கரைக் கணினி, 'இருக்கிறேன்' என்று தலைமையிடத்துக்குச் சொல்ல வேண்டும். தொழிலில் அதற்கு 'ஹார்ட்பீட்' என்று பெயர். இதயத்துடிப்பு. துடிப்பு நின்றால் மேலே இருப்பவர் உடனே கவனிக்க வேண்டும். கவனிக்க ஆள் இல்லாவிட்டால், துடிப்பு இருந்து என்ன பயன்? மச்சான் தூங்கிவிட்ட தோணி மாதிரிதான் அது.

முதலில் பார்க்க வேண்டியது கடிகாரம்

உப்பு விளைச்சலில் குஜராத்துக்கு அடுத்த இடம் தூத்துக்குடிக்கு. உப்பளத்தில் வெள்ளையாகக் குவிந்திருக்கும் அதே உப்பு, காற்றில் கண்ணுக்குத் தெரியாமல் மிதந்து போய் கேபிளின் செம்பு முனைகளில் உட்காரும். வாங்கி மாட்டியபோது தங்கம் போல மின்னிய இணைப்பு, சில மாதங்களில் பச்சை பூத்துவிடும். மென்பொருளில் குறையென்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் கேபிளைக் கழற்றித் துடைத்து மாட்டியதும் சரியான கதை இந்தத் தொழிலில் எல்லோரிடமும் ஒன்று இருக்கும். சுவரில் ஓடும் பல்லி, கதகதப்பைத் தேடி வரும் எறும்பு, பேட்டரி செத்துப்போன யு.பி.எஸ் என்று பட்டியல் நீளும்.

ஆனால், ஆளை அதிகம் அலைக்கழிப்பது கடிகாரம்.

கணினிக்குள் நாணயம் போன்ற சின்ன பேட்டரி ஒன்று இருக்கிறது. மின்சாரம் இல்லாதபோதும் நேரத்தை நினைவில் வைத்திருப்பது அதுதான். அது தீர்ந்துபோன பிறகு கரன்ட் போய்விட்டு வந்தால், கணினி பல ஆண்டுகள் பின்னால் போய்விடும். மென்பொருள் நிறுவ முயன்றால், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று வரும். உண்மையில் சான்றிதழில் குறையே இல்லை. இந்தக் கணினியின் காலண்டர்படி அந்தச் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை! இணையம் சரியில்லை, மென்பொருள் கெட்டுவிட்டது, சர்வரை மாற்ற வேண்டும் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். பெட்டிக் கடையில் கிடைக்கும் பேட்டரி ஒன்றை மாற்றி நேரத்தைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும்.

நேரத்தில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கடல் தொடர்பான கருவிகள் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் எழுதும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நிறுவுகிறவர் நல்லெண்ணத்தோடு கருவியை இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டால், தலைமையிடத்துக் கணினி இன்னொரு ஐந்தரை மணியைக் கூட்டிக்கொள்ளும். காலையில் ஏறிய அலை, அட்டவணையில் பிற்பகலில் ஏறும்.

இணைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாகப் பேசும்போது, ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையில் தெரிய அரை நொடிக்கு மேல் ஆகும். பலத்த மழை பெய்தால் சிக்னல் கரையும். மார்ச், செப்டம்பரில் பகலும் இரவும் சமமாகும் நாள்களை ஒட்டி, சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்கும். அப்போது தினமும் சில நிமிடங்களுக்கு இணைப்பு அறுந்துபோகும். காரணம் தெரியாதவர், தினமும் அதே நேரத்தில் யாரோ ஸ்விட்சை அணைக்கிறார்கள் என்று காவலாளியைச் சந்தேகப்படுவார்.

அதனால்தான் அந்தத் துணிப்பையில் பென் டிரைவ்கள். போகிற இடத்தில் இணையம் இருக்கும், அங்கே டவுன்லோடு செய்துகொள்ளலாம் என்று நம்பிக் கிளம்புகிறவர் அடுத்த வாரமும் இதே பஸ்ஸில் வருவார். தேவையான எல்லாவற்றையும், அவற்றுக்குத் தேவையான துணைக் கோப்புகளையும் சேர்த்து வீட்டிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும். அதேபோன்ற வேறொரு கணினியில் இணையத்தைத் துண்டித்துவிட்டு ஒருமுறை நிறுவிப் பார்த்திருக்க வேண்டும். மாதிரிக்குச் சிப்பி எடுத்துப் பார்த்த வேலைதான் இதுவும்.

ஒலிபெருக்கி சொன்ன செய்தி

தூத்துக்குடியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால் தருவைகுளம், வேப்பலோடை, வேம்பார், கீழக்கரை என்று ஊர்கள் வரும். வேப்பலோடையில்தான் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் முத்து வளர்ப்புச் சோதனையை நடத்தியது. 1973-ல் சிப்பிக்குள் உருண்டையான முத்தை வளர்த்தெடுத்தது. இன்னும் மேலே போய்ப் பாம்பன் பாலம் தாண்டினால் தங்கச்சிமடம்.

2004 அக்டோபர் 18 அன்று, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இஸ்ரோவும் சேர்ந்து திருவையாறு, செம்பட்டி, தங்கச்சிமடம் ஆகிய மூன்று ஊர்களைச் செயற்கைக்கோளால் இணைத்து, கிராம வள மையங்களைத் தொடங்கின. அன்றைய பிரதமர் மன்மோகன் சிங் டெல்லியிலிருந்து தொடங்கிவைத்தார். இதற்கு முன்னோட்டம் புதுச்சேரிப் பக்கம் 1998-லேயே நடந்திருந்தது. அங்கே ஒரு மையம் கோயிலுக்குள் இயங்கியது. கரன்ட்டை நம்ப முடியாததால் சூரிய மின்தகடு, டெலிபோனை நம்ப முடியாததால் ரேடியோ. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலை உயரத் தகவலை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். கடலுக்குப் போவதா வேண்டாமா என்று மீனவர்கள் அதைக் கேட்டு முடிவு செய்தார்கள்.

தங்கச்சிமடம் மையம் திறந்து இரண்டே மாதத்தில் சுனாமி வந்தது. புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்தைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சிங்கப்பூரில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்க்காரர்கள் பூட்டியிருந்த தகவல் மையத்தின் கதவை உடைத்து உள்ளே போய், அந்த ஒலிபெருக்கியில் கத்தினார்கள். ஊர் ஓடியது. படகுகளும் வீடுகளும் போயின, மக்கள் தப்பினார்கள். அன்று அந்த ஒயர் ஒன்று அறுந்திருந்தால், அந்த ஆம்பிளிஃபயரை யாரோ சரியாக மாட்டாமல் போயிருந்தால் என்று நினைத்துப் பார்ப்பது கொஞ்சம் கஷ்டமான காரியம்.

மாறாக நடந்ததும் உண்டு. 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் திடீரென்று வலுத்தபோது, ஆழ்கடலில் பல நாள் தங்கி மீன் பிடிக்கப் போயிருந்தவர்களை எச்சரிக்கை எட்டவில்லை. கரையோர ரேடியோவின் எல்லையைத் தாண்டி அவர்கள் வெகுதூரம் போயிருந்தார்கள். அதன் பிறகே 2019-ல் 'ஜெமினி' என்ற கருவி வந்தது. செல்போன் டவர் இல்லாத நடுக்கடலிலும் செயற்கைக்கோள் செய்தியை வாங்கிப் படகுக்காரரின் செல்போனில் காட்டும். படகிலிருந்து கரைக்கும் செய்தி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்கள் இப்போது விசைப்படகுகளில் பொருத்தப்படுகின்றன. ஆக, உப்புத் தண்ணீரில் ஆடிக்கொண்டே இருக்கும் ஆயிரக்கணக்கான புதிய 'சைட்'டுகள்!

"பச்சை லைட் எரியுதா அண்ணாச்சி?"

தெற்கே போகும் சாலை வேறு மாதிரி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ மழை கொட்டியது. ஓர் ஆண்டு முழுக்கப் பெய்ய வேண்டியதைவிட அதிகம். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்தில் மாட்டியது. பல ஊர்களில் கரன்ட் இல்லை, செல்போன் டவர்கள் செத்துவிட்டன. வெளியூரில் இருந்த பிள்ளைகள் அம்மா, அப்பாவின் குரலைக் கேட்க நாள்கணக்கில் காத்திருந்தார்கள். சர்வர், டவர், பேட்டரி என்ற சொற்களெல்லாம் யாரோ இன்ஜினீயர்களின் விஷயம் அல்ல என்று இந்த மாவட்டத்துக்கு அந்த வாரம் புரிந்தது.

அந்த மாதிரி நாள்களில் துணிப்பைக்காரரால் வர முடியாது. போனில்தான் வேலை நடக்கும், அதுவும் போன் கிடைத்தால். மறுமுனையில் இருப்பவர் காவலாளியாகவோ, பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார்.

"அண்ணாச்சி, பெட்டிக்கு முன்னாடி பச்சை லைட் எரியுதா?"

"ஒண்ணு எரியுது. ஒண்ணு கண்ணடிக்குது தம்பி."

"சிவப்பு?"

"அதுவும் இருக்கு. நீங்க எதைக் கேக்கிய?"

இந்த உரையாடலில் அவசரப்படுகிறவர் தோற்பார். 'ரூட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்' என்று சொன்னால் மெயின் ஸ்விட்சை அணைத்துவிடும் அபாயம் உண்டு. 'மேலே இருந்து இரண்டாவது பெட்டி, வெள்ளை ஒயர், அதை மட்டும் பிடுங்கி, பத்து எண்ணி, திரும்பச் சொருகுங்கள்' என்று சொல்ல வேண்டும். விவரமானவர்கள் நிறுவிவிட்டுக் கிளம்பும்போதே ஒவ்வொரு பெட்டியின் மீதும் தமிழில் எண் எழுதி ஒட்டி, ஒயர்களில் கலர் டேப் சுற்றி, அண்ணாச்சியை ஒருமுறை எல்லாவற்றையும் தொட்டுக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறுவார்கள். ஆங்கிலத்தில் நூறு பக்கக் கையேடு போட்டுவிட்டுப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அது அலமாரியில் பத்திரமாக இருக்கும்.

திருச்செந்தூர் தாண்டினால் குலசேகரப்பட்டினம். இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. சிறிய ராக்கெட்டுகள் இங்கிருந்து கிளம்பும். அதற்கடுத்து மணப்பாடு. கடலுக்குள் நீளும் மணல் மேட்டில் திருச்சிலுவை ஆலயம், புனித சவேரியார் தங்கிய குகை, பக்கத்திலேயே கலங்கரை விளக்கம். சாயங்காலத்தில் காற்று மணலை அள்ளி முகத்தில் அடிக்கும். கடலாடிவிட்டு வந்த சிறுவர்கள் மேட்டில் சறுக்கி விளையாடிக்கொண்டிருப்பார்கள்.

இப்படி ஒரு கரையில் வேலையை முடித்த கையோடு கிளம்பிவிடுகிறவரும் உண்டு, ஒரு சுற்று காத்திருக்கிறவரும் உண்டு. காத்திருக்கிறவர் கணினியை ஒருமுறை வேண்டுமென்றே கரன்ட்டிலிருந்து பிடுங்குவார். திரும்பச் சொருகி, தன் கை படாமல் அதுவாக எழுந்திருக்கிறதா என்று பார்ப்பார். கதவைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே திண்ணையில் உட்காருவார். அடுத்த தகவல் கிளம்ப வேண்டிய நேரம் வரும். தலைமையிடத்திலிருந்து போன்.

"வந்திருச்சு. நேரமும் சரியா இருக்கு."

தூத்துக்குடிக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று அப்போதுதான் கேட்பார்.